ஊருக்கெல்லாம் ஜெபித்தவர் வீட்டிலும் ஒரு துக்கம்!

பொழுது சரியாக விடிவதற்குள்ளேயே எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்துவிடும். ராசிபுரம் பக்கம் வந்து தங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். அதையும் மீறிக்கொண்டு எதிர்வீட்டு டி.வி.யிலிருந்து ஒரு பிரசங்கியாரின் குரல் கேட்கும். கலங்கி நிற்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தைரியம் சொல்லி, உருகி உருகி ஜெபிக்கும் குரல்.

எதிர்வீட்டுப் பெண் கிறிஸ்தவப் பெண் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். புருஷன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். மாமியாரும் இல்லை. ஐந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அந்தப் பையனுக்கு வலிப்பு நோய். சேலம் பெரியாஸ்பத்திரியில் காட்டி, தினமும் இரண்டு வேளை மருந்து கொடுத்து வந்தாள்.

"விடியக்காலம் யாருமே இல்லாத வீட்டுல, நமக்காக ஒருத்தர் அழுது ஜெபம் பண்றாருன்னா மனசுக்கு எத்தனை தெம்பா இருக்குதுங்க்கா!" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஆறுதலுக்கு ஜாதி ஏது, மதம் ஏது?

ஆனால் ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பையன் கை கால் இழுத்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். இவள் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரமாக வலிப்பு வரவில்லை. 'சாமி கண் திறந்துருச்சு' என்று நினைத்து, மருந்தை அவளாகவே நிறுத்தியிருக்கிறாள்! டி.வி.யில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தாய் மனசு அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பையன் பிழைத்து எழுந்தான். வார்டில் இருந்த டாக்டரம்மா திட்டவில்லை. "சாமி கும்பிடறதை நிறுத்த வேண்டாம்மா. மருந்தையும் நிறுத்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"ஏனுங்க்கா... அந்தக் காலத்துல தினகரன் ஐயான்னு ஒருத்தர் இருந்தாராம். அவரு ஜெபம் பண்ணுனா நோவு தீரும்னு லட்சக்கணக்குல ஜனம் போகுமாம். சர்ச்சுக்குப் போற பாட்டி சொல்லுச்சு. ஆனா அவரு பொண்ணே விபத்துல செத்துப்போச்சாமே! அவரு ஜெபம் அவரு பொண்ணுக்கு ஏங்க்கா பலிக்கலை?"

சகோதரிகளே, இந்தக் கேள்வியைப் பரிகாசமாகக் கேட்பவர்கள் உண்டு. அவள் அப்படிக் கேட்கவில்லை. குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் கேள்வி அது. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

உயிரை வெறுத்த வாலிபன்

டி.ஜி.எஸ். தினகரன் 1935 ஜூலை 1 அன்று திருநெல்வேலிச் சீமையில் சுரண்டை என்ற ஊரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவம் வேரூன்றியிருக்கும் பகுதி அது. ஆகவே ஜெபமும் வேதமும் அவருக்குச் சின்ன வயதிலேயே அறிமுகமானவைதான். ஆனால் அறிமுகம் வேறு, பிடிப்பு வேறு அல்லவா?

1955ஆம் வருஷம். இன்னும் இருபது வயது நிரம்பவில்லை. எதிர்காலம் இருண்டு கிடந்தது. எல்லாக் கதவும் அடைத்துவிட்டதாக ஒரு விரக்தி. உயிரை மாய்த்துக்கொள்வது என்ற முடிவோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். வழியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நிறுத்திப் பேசினார், இயேசுவின் அன்பைப் பற்றிச் சொன்னார், கூடவே ஜெபித்தார். வாலிபன் வீட்டுக்குத் திரும்பினான். அந்த ஒரு நாள்தான் தம் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது என்று பிற்காலத்தில் மேடைக்கு மேடை தினகரன் சொல்லி வந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். அன்று அவரைக் காப்பாற்றியது ஆயிரம் பேர் கூடிய கூட்டமல்ல, ஒலிபெருக்கியுமல்ல. தெருவில் எதிர்ப்பட்ட ஒரு மனிதர், 'என்னப்பா, முகம் வாடிக் கிடக்குதே?' என்று நின்று விசாரித்ததுதான். நம் வீட்டிலும் பரீட்சையில் தவறிய பிள்ளை இருக்கலாம். கடனில் மூழ்கிய கொழுந்தனார் இருக்கலாம். பிரசவமாகி ஒரு மாதமாகியும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும் மருமகள் இருக்கலாம். பேச்சுக் குறைந்து, சாப்பாடு தூக்கம் கெட்டு, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்?' என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உட்கார வைத்துக் கேளுங்கள். தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணிலும் தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம், கட்டணம் கிடையாது. பெற்றவளுக்கு வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அது 'திமிர்' அல்ல, 'காத்து கருப்பு'ம் அல்ல.

பாங்க் உத்தியோகம், மேடை, பிறகு டி.வி.

மனம் தேறிய தினகரனுக்கு ஸ்டேட் பாங்கில் உத்தியோகம் கிடைத்தது. ஸ்டெல்லா அம்மையாரைக் கல்யாணம் செய்துகொண்டார். பகலெல்லாம் பாங்கில் கணக்கு, ஓய்வு நேரத்தில் ஊழியம் என்று பல வருஷம் ஓடியது. 1962 அக்டோபரில் இயேசுவைத் தரிசனமாகக் கண்டதாகவும், துன்பப்படும் ஜனங்களிடம் போகும்படி தமக்கு அழைப்பு வந்ததாகவும் அவர் சாட்சி சொல்லி வந்தார். நம்புகிறவர்களுக்கு அது தரிசனம். நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே திசையில்தான் போயிற்று.

1970களில் 'இயேசு அழைக்கிறார்' என்ற பெயரில் ஊழியம் பெருகியது. முதலில் ரேடியோ, பிறகு மாதப் பத்திரிகை, ஊர் ஊராகக் கூட்டங்கள். மைதானம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். அவர் அதட்டிப் பேசுகிறவர் அல்ல. தழுதழுத்த குரலில் பேசிக்கொண்டே வந்து நடுவில் பாட்டு ஒன்றைப் பாடுவார். கடைசியில் வியாதியஸ்தர்களுக்காக ஜெபம். அப்போது கூட்டத்தில் இருப்பவர்களின் பெயரையும் கஷ்டத்தையும் சொல்லி அழைப்பார். அதைக் கேட்பதற்காகவே வந்தவர்கள் ஏராளம்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது டி.வி. என்றால் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் அதிசயம். 1993இல் சன் டி.வி. வந்தது, தொடர்ந்து மற்ற தனியார் சேனல்களும் வந்தன. கேபிள் வயர் சந்து பொந்தெல்லாம் புகுந்தது. விடியற்காலை நேரங்களைப் பணம் கட்டி வாங்கி, எல்லா மதத்துப் பெரியவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை மைதானத்துக்குப் போனால்தான் தினகரனைப் பார்க்க முடியும். இப்போது அவரே அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். பர்தா போட்ட பெண்ணும், கோயில் பிரசாதம் நெற்றியில் இருக்கும் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து கேட்கலாம். ஜெப கோபுரம் என்று சென்னையில் ஓர் இடம் அமைத்து, இரவு பகலாகக் கடிதத்துக்கும் போனுக்கும் பதில் சொல்ல ஆட்களை வைத்தார்கள். புருஷனிடம் சொல்ல முடியாததை, தாய்வீட்டுக்கும் எழுத முடியாததை முகம் தெரியாத ஒருவரிடம் கொட்டித் தீர்த்த பெண்கள் எத்தனையோ பேர்!

அவர் எதை நம்பினார்?

இயேசு என்றைக்கோ வாழ்ந்து போனவர் அல்ல, இன்றைக்கும் மனதுருகி மனிதரின் கண்ணீரைப் பார்க்கிறவர் என்பதுதான் அவருடைய நம்பிக்கையின் அடித்தளம். மன்னிப்பு மறுமைக்கு மட்டும் அல்ல, உடம்புக்கும் குடும்பத்துக்கும் பிழைப்புக்கும் இந்த வாழ்க்கையிலேயே கடவுளின் இரக்கம் கிடைக்கும் என்று போதித்தார். நோய் தீர்க்கும் வரம், பிறர் மனத்துயரை அறிந்து சொல்லும் வரம் ஆகியவை முதல் சபையாரோடு முடிந்துபோகவில்லை, இன்றும் பரிசுத்த ஆவியானவர் தருகிறார் என்பது அவர் கொள்கை. பெந்தெகொஸ்தே வழியினரின் விசுவாசம் இது. கிறிஸ்தவ சபைகள் எல்லாமே இதை ஒரேமாதிரி ஏற்றுக்கொள்வதில்லை.

குழந்தைகளின் படிப்புக்காகவும் எதிர்காலத்துக்காகவும் ஜெபிக்க 'இளம் பங்காளர்' திட்டம் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். பெற்றோர் பிள்ளைகளின் பெயரைப் பதிந்து காணிக்கை அனுப்பினார்கள். ஜெபத்தையும் காணிக்கையையும் இப்படிச் சேர்த்து வைக்கலாமா என்று விமர்சனம் செய்தவர்களும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி இருந்தது. நன்மை பெற்றேன் என்று சாட்சி சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

1986: தாங்க முடியாத வருஷம்

தினகரன் தம்பதியருக்கு இரண்டு பிள்ளைகள்: மகன் பால், மகள் ஏஞ்சல். பொறியியல் கல்லூரி ஒன்று கட்ட வேண்டும் என்பது குடும்பத்தின் பெரிய கனவு. கோவைக்கு மேற்கே சிறுவாணி மலையடிவாரத்தில் அதற்கான வேலைகள் நடந்தன. அந்த 1986ஆம் வருஷத்தில்தான் இளம் மகள் ஏஞ்சல் கார் விபத்தில் இறந்துபோனாள்.

சகோதரிகளே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'உன் பிள்ளையைக் கடவுள் காப்பார்' என்று ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குச் சொன்னவர் அவர். தம் பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுபடி எப்படி மேடை ஏறுவார்? ஸ்டெல்லா அம்மையார் எந்த முகத்தோடு மற்றத் தாய்மார்களுக்கு ஆறுதல் சொல்வார்? ஊர் வாய் என்னவெல்லாம் கேட்டிருக்கும்!

அவர்கள் ஊழியத்தை மூடிவிடவில்லை. அதே வருஷம் கல்லூரியும் திறந்தது. 'காருண்யா' என்று பெயர். இரக்கம், கருணை என்று பொருள். 2004இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. தினகரனோ உடல்நலம் குன்றி, 2008 பிப்ரவரி 20 அன்று சென்னையில் தமது 72ஆம் வயதில் காலமானார். நோயாளிகளுக்காக வாழ்நாளெல்லாம் ஜெபித்தவருக்கும் நோய் வந்தது. மரணமும் வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை

இது தினகரன் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. டி.வி. மூலம் நோய் தீர்க்கும் ஜெபத்தை உலகத்துக்கே பழக்கிவிட்டவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ். 1918இல் பிறந்தவர். பதினேழு வயதில் காசநோயிலிருந்து ஜெபத்தால் குணமானதாகச் சொன்னவர். பெரிய கூடாரங்களில் கூட்டம் நடத்தி, 1950களிலேயே அதை டி.வி.யில் காட்டினார். டல்சா நகரில் பல்கலைக்கழகம் அமைத்தார். அதன் நடுவே 1967இல் ஜெப கோபுரம் எழுந்தது. நம் ஊர் ஜெப கோபுரமும் காருண்யாவும் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா?

அவருடைய மகள் ரெபெக்கா 1977இல் விமான விபத்தில் மாண்டார். மகன் ரொனால்டு 1982இல் தற்கொலை செய்துகொண்டார். ராபர்ட்ஸும் ஊழியத்தை விடவில்லை. அதோடு இன்னொரு காரியமும் செய்தார். ஜெபமும் மருத்துவமும் கைகோத்துப் போக வேண்டும் என்று சொல்லி, 1981இல் பிரம்மாண்டமான ஓர் ஆஸ்பத்திரியையே திறந்தார்! பணக் கஷ்டத்தால் 1989இல் அது மூடப்பட்டது. ஆனாலும் பாருங்கள்... நோய் தீர்க்கும் ஜெபத்துக்கு உலகப் புகழ் பெற்றவரே டாக்டரையும் ஆபரேஷன் தியேட்டரையும் தேடினார். ராசிபுரத்தில் ஒரு தாய் மட்டும் மருந்துப் பாட்டிலை மூடி வைப்பானேன்?

நம் கொல்லிமலையிலே...

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கொல்லிமலை தெரிகிறது. இன்று நாமக்கல் மாவட்டம்; அந்த நாளில் சேலம் ஜில்லா. 1913 வாக்கில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் மதப் பிரசாரத்துக்காக அந்த மலையேறினார்கள். அப்போது மலேரியாவுக்குப் பேர் போன மலை அது. ஜெஸ்ஸி ஓரளவு மருத்துவமும் படித்து வந்தவர். ஒரு கையில் வேதப் புத்தகம், மறு கையில் மருந்துப் பெட்டி. புண்ணைக் கழுவிக் கட்டுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். குடிதண்ணீர் வழியாகப் பரவி, காலில் நூல்போலப் புழு வெளிவருமே, அந்த நரம்புச்சிலந்தி நோயை ஒழிப்பதற்காகத் தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பார்.

1929இல் அந்த ஜெஸ்ஸியையே மலேரியாவின் கொடிய விளைவு கொண்டுபோயிற்று. மலையிலேயே அடக்கம் செய்தார்கள். ஈவ்லின் அம்மையார் மலையை விடவில்லை. ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, 1974இல் 95ஆம் வயதில் கண்மூடும் வரை மலைவாசிகளுக்கே உழைத்தார். அவருடைய கல்லறையும் புருஷன் கல்லறையின் பக்கத்திலேயே இருக்கிறது. நரம்புச்சிலந்தி நோய் இந்தியாவிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதை ஒழித்தது வடிகட்டிய சுத்தமான தண்ணீர்!

அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மரமேறி விளையாடி வளர்ந்த பிள்ளை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக் காட்டினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. உணர்ச்சி போய்விடுவதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல், காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் அழிகின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். வலியே கடவுள் கொடுத்த கொடை என்பார். வலி இல்லையென்றால் ஆபத்து இருப்பதே தெரியாதே! தீவிர விசுவாசியான அந்த டாக்டர் ஜெபித்தார், கத்தியையும் எடுத்தார். இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சண்டையே இல்லை.

நாம் வீட்டில் செய்ய வேண்டியது

ஜெபமோ, நேர்த்திக்கடனோ, தர்காவில் ஓதுவதோ எதுவாக இருந்தாலும் மனதுக்குப் பலம் தருகிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். பயம் குறைந்த தாய் குழந்தையை நன்றாகக் கவனிப்பாள். ஆனால் கீழே சொல்வதை மறக்க வேண்டாம்.

வலிப்பு: வலிப்பு தினமும் வருகிற வியாதி அல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வராமலே இருக்கும். மருந்து வேலை செய்வதால்தான் பல சமயம் வராமல் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். பொதுவாக 2 வருஷமாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் டாக்டர் யோசித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். வலிப்பு வந்துவிட்டால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாகவே நிற்கிற நேரத்தில் சாவிக்குப் பேர் கிடைக்கிறது, அவ்வளவுதான்! கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108க்குப் போன் செய்யுங்கள். முதல்முறை வலிப்பு என்றால் எவ்வளவு சீக்கிரம் நின்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காசநோய்: மருந்து ஆரம்பித்த சில வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். குணமாகிவிட்டது என்று அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணமாக 6 மாதம் முழுவதும் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடும். வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

சர்க்கரை: இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். விரதம், ஜெபக் கூட்டம், யாத்திரை என்று எதற்காகவும் அதை நிறுத்தக் கூடாது. ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கர்ப்பிணிகள்: ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நல்ல நேரம் பார்க்க வேண்டாம். சேலத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டியில் போகும்போதே வேண்டிக்கொள்ளலாமே!

காணிக்கை: கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் பிள்ளையின் மருந்துக் காசு, பள்ளிக்கூடப் பணம், மளிகைக் கடன் இவை போக மிஞ்சினதில் கொடுங்கள். புருஷனும் மனைவியும் கலந்து பேசிக் கொடுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தும்படி கேட்கிற தெய்வம் எதுவும் இல்லை.

இன்னொன்று. புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு, காசநோய் போன்றவற்றைத் தாயத்தாலோ மந்திரத்தாலோ தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். டி.வி.யில், போனில் எங்கே அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் உஷாராக இருங்கள். 'மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம்' என்று யாராவது சொன்னால், எந்த மதத்துக்காரர் ஆனாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.

அவள் கேள்விக்குப் பதில்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் ஜெபம் அவர் மகளுக்கு ஏன் பலிக்கவில்லை? எனக்குத் தெரியாது என்றுதான் அவளிடம் சொன்னேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஏன் என்று விளக்கம் சொல்ல யாராலும் ஆகாது.

"ஆனா ஒண்ணு கண்ணு" என்றேன். "அவரு பெரிய ஆளு, அவரு வீட்டுக்கு ஒரு கஷ்டமும் வராதுன்னு ஜனங்க நெனைச்சாங்க. வந்துச்சு. அவரு விசுவாசம் குறைஞ்சதால வரலை. உன் பையனுக்கு வலிப்பு வந்ததும் நீ சாமி கும்பிட்டது பத்தாம இல்லை. அவனுக்கு மூளையில ஒரு கோளாறு, அதுக்கு ஒரு மருந்து இருக்குது. உன் மேல எந்தக் குத்தமும் இல்லை."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என் மேல குத்தமில்லைங்களா அக்கா?" என்று கேட்டாள். வியாதியைவிட அந்தப் பயம்தான் அவளை இத்தனை நாளும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது! பிள்ளைக்கு ஒன்று என்றால் தாயின் பாவம், தாயின் பக்திக் குறைவு என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்களை எப்படி ஒடுக்கி வைத்திருக்கிறோம்!

சுரண்டையில் பிறந்த அந்த வாலிபனை 1955இல் வழியில் நிறுத்திப் பேசியவர் குற்றம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றார். ஆறுதல் தேடி விடியற்காலையில் டி.வி. முன்னால் உட்காரும் ஒவ்வொரு பெண்ணும் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அந்த ஆறுதலை டி.வி. மட்டும்தான் கொடுக்க வேண்டுமா? எதிர்வீட்டில் இருக்கும் நாம் கொடுக்கக் கூடாதா?

இப்போதும் விடியற்காலையில் தறிச் சத்தத்தோடு அந்த ஜெபக் குரல் எதிர்வீட்டிலிருந்து கேட்கிறது. ஜெபம் முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு அவள் பையனை எழுப்புவாள். "கண்ணு, வாயைத் திற" என்பாள். பாட்டில் மூடி திறக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்பதுபோல இருக்கும். பையன் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான்.